பாவித்த ரிவோல்வரில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோளாறுகள்

ரிவோல்வரின் சிலிண்டர், அதாவது ரவைகளைத் தாங்கும் உருளை, சுழலும்போது சிக்கினால், உள்ளே ஏதோ ஒரு பாகம் தேய்ந்துவிட்டது என்றே பெரும்பாலானோர் முதலில் நினைக்கிறார்கள். பல கை மாறி வந்த துப்பாக்கியில் அந்த நினைப்பு அநேகமாகப் பிழையாகிவிடுகிறது. தேய்மானத்தைவிட, துளைகளின் விளிம்பில் படிந்த அழுக்கும், தளர்ந்த மரையும், முன்பு திறந்து பார்த்தவர் இடம் மாற்றிப் பூட்டிய திருகாணியும்தான் அதிகம் தொல்லை தருகின்றன. நான் கடைப் பாதுகாப்புக்காக வாங்கிய ரிவோல்வரில் இம்மூன்றும் ஒருங்கே இருந்தன. ஒன்றை நீக்கிய பின்னரே அதன் அடியிலிருந்த மற்றது தெரிந்தது என்பதால், என்ன திருத்தினோம் என்பதைவிட எப்படித் தேடினோம் என்பதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர்கள் சிலரிடம் அனுமதிப்பத்திரத்துடன் கூடிய கைத்துப்பாக்கி இருப்பது புதிதல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அந்த அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள இலக்கமும் துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட இலக்கமும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எனவே பாவித்த ரிவோல்வரை வாங்கும் எவரும், அது எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்பதற்கு முன் கைப்பிடியின் அடிப்பாகத்தில் உள்ள இலக்கத்தை வாசித்துவிடுவது நல்லது.

எனக்குக் கிடைத்தது ஸ்மித் அன்ட் வெசன் மாடல் 10. 1899இல் அறிமுகமான .38 மிலிட்டரி அன்ட் பொலிஸ் என்ற ரிவோல்வரே 1957இல் அந்நிறுவனம் தன் தயாரிப்புகளுக்கு இலக்கமிடத் தொடங்கியபோது மாடல் 10 ஆயிற்று. ஆறு ரவைகள் கொள்ளும். சிலிண்டர் இடப்பக்கமாக வெளியே மடியும். பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். சிலிண்டரை வெளியே எடுத்ததும், அதைத் தாங்கும் வளைகரம் உட்காரும் இடத்தில் மாடல் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். என்னுடையதில் 10-5 என்று இருந்தது. இது 1962இலோ அதற்குப் பிறகோ வந்த வடிவம் என்பதை அந்தக் கோட்டுக்குப் பின்னாலுள்ள ஐந்து சொல்லிவிடும். இந்தச் சிறு இலக்கம் வெறும் சரித்திரத் தகவல் அல்ல. கோளாற்றைத் தேடும்போது எந்தத் திசையில் திருக வேண்டும் என்பதையே அதுதான் தீர்மானித்தது.

விற்றவரிடம் பார்த்தபோது சிலிண்டர் திறந்தது, மூடியது, சுழன்றது. கடைக்குக் கொண்டுவந்து பயிற்சி ரவைகளை, அதாவது மருந்தும், அடிபட்டு அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெறும் அளவுப் போலிகளை, ஆறு துளைகளிலும் இட்டு விசையை மெதுவாக இழுத்துப் பார்த்தபோதுதான் உண்மை நிலை வெளிப்பட்டது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் விசை கனத்தது. சில சுற்றுகளுக்குப் பின் சிலிண்டர் முற்றாக நின்றுவிட்டது. பெருவிரலால் பக்கத்துப் பொத்தானை எவ்வளவு முன்னே தள்ளினாலும் அது வெளியே வர மறுத்தது.

திறக்க முடியாத ரிவோல்வர் மற்றெல்லாத் துப்பாக்கிகளையும்விடச் சங்கடமானது. உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஒரே நம்பகமான வழி சிலிண்டரைத் திறப்பது. அந்த வழியே அடைபட்டுவிடுகிறது. சிலிண்டருக்கும் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் பித்தளை விளிம்புகள் தெரிந்தன. அவை போலி ரவைகளின் விளிம்புகள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் பார்வைக்கு உண்மை ரவையின் விளிம்பும் அப்படியேதான் இருக்கும். ஆகவே அது நிரப்பப்பட்ட துப்பாக்கி என்றே கொண்டு, குழலின் வாய் மணல் வாளியை நோக்கியபடி இருக்க, யாருடைய விரலும் விசைக்கருகே போகாமல் அடுத்த வேலை நடந்தது.

எங்கள் பட்டறைப் பத்தர் அரை நூற்றாண்டாகப் பொன்னோடு பழகியவர். எதையும் சாமணத்தாலும் அரத்தாலும் சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. “எந்த இடத்தில உரசுதெண்டு காட்டுங்கோ தம்பி, ரெண்டு இழு இழுத்தாச் சரி” என்றார். பொன்வேலையில் அது பொருந்தும், கழிந்த துகளைச் சேர்த்து உருக்கிக்கொள்ளலாம். கடினப்படுத்திய உருக்கில் ஒரு முடியளவு கழிந்தாலும் அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதிலும் ரிவோல்வரின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. உரசும் இடத்தில் அரத்தை வைத்தால், உரசலுக்குக் காரணமான இடத்தை விட்டுவிட்டு அதனால் பாதிக்கப்பட்ட இடத்தையே தேய்ப்போம். நானும் நகைத் தொழிலிலேயே வளர்ந்தவன் என்பதால் பத்தரின் கை ஏன் அரத்தைத் தேடியது என்பது எனக்கு நன்றாக விளங்கியது. என்றாலும் அரம் மேசைக்கு வரவில்லை.

துப்பாக்கி திருத்துவதற்கு அனுமதியுள்ள ஓரிடத்துக்கு, பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன். அங்குள்ளவர் படையில் ஆயுதத் திருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் பாஸ் என்றே அழைக்கிறார்கள். அவர் கேட்ட முதற்கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “எங்க சிக்குதுன்னு கேக்கல்ல முதலாளி. எத்தன தரத்துக்கு ஒருக்கா சிக்குது?” என்றார்.

ரிவோல்வரின் கோளாறுகளைப் பிரித்தறிய இதைவிடச் சிறந்த தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிலிண்டரில் ஆறு துளைகள் உள்ளன. குழலும் சுத்தியலும் சிலிண்டரைச் சுழற்றும் தள்ளியும் ஒன்றுதான். ஒவ்வொரு துளையிலும் ஒரே மாதிரியாகச் சிக்கினால், குற்றம் எல்லாத் துளைகளுக்கும் பொதுவான பாகத்தில் இருக்கிறது: சுழற்றும் தள்ளி, சிலிண்டரைப் பூட்டி நிறுத்தும் தடை, வளைகரம், அல்லது குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஒரு குறிப்பிட்ட துளையில் மட்டும் சிக்கினால், அந்தத் துளையிலோ, சிலிண்டரின் பின்புறத்தில் தள்ளி பிடித்துச் சுழற்றும் அதற்குரிய பல்லிலோ குற்றம். சுற்றில் ஒரு பாதி இலகுவாகவும் மறு பாதி கடினமாகவும் இருந்தால், வெற்றுக்கோதுகளை வெளியே தள்ளும் கம்பி வளைந்திருக்கலாம். ஒழுங்கே இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிக்கினால், தளர்ந்த ஏதோ ஒன்றையோ உள்ளே அலையும் அழுக்கையோ தேட வேண்டும். ரவையிட்டபோது மட்டும் சிக்கினால் ரவையின் பின்விளிம்பு உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும். பிரைமர் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மோசமான ரவைகளும் இதையே செய்யும். நிறையச் சுட்டுச் சூடேறிய பின்னரே சிக்கினால், சிலிண்டரின் முகப்பில் கரி படிந்திருக்கிறது, அல்லது அங்குள்ள இடைவெளி போதாது.

என்னுடைய ரிவோல்வரில் இரண்டு ஒழுங்குகள் கலந்திருந்தன. ஒரு சுற்றுக்கு ஒருமுறை கனத்தது ஒன்று. சுற்றச் சுற்றத் திறக்கவே முடியாமற் போனது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை என்று பாஸ் சொன்னார். முதலில் திறக்கும் வழியைப் பார்த்தார்.

இந்த வகை ரிவோல்வரில் சிலிண்டர் பின்னாலும் முன்னாலும் இரண்டு இடங்களில் பூட்டப்படுகிறது. பின்னால், தள்ளுகம்பிக்கு உள்ளே ஓடும் நடு ஊசி சட்டத்துக்குள் நுழைகிறது. முன்னால், குழலின் அடியிலுள்ள சிறு பூட்டுமுளை, தள்ளுகம்பியின் முனைக்குள் நுழைகிறது. பெருவிரல் பொத்தானைத் தள்ளும்போது நடு ஊசி முன்னே நகர்ந்து அந்த முளையையும் வெளியே தள்ளிவிடும். தள்ளுகம்பி மரையால் பூட்டப்பட்டது. மரை தளர்ந்தால் கம்பி முன்னோக்கி நீள்கிறது. அது அரை மில்லிமீற்றர் நீண்டாலும், நடு ஊசியால் கம்பியின் முனைவரை வந்து முளையைத் தள்ள முடியாது. முளை உள்ளேயே நின்றுவிடும், சிலிண்டர் வெளியே வராது. போதாக்குறைக்கு நீண்ட கம்பி முளையை அழுத்துவதால் சுழற்சியும் கனக்கும்.

பாஸ் என்னிடம் மெல்லிய பித்தளைத் தகடு இருக்கிறதா என்று கேட்டார். அளவு பார்ப்பதற்காக எப்போதும் என் பணப்பையில் ஒரு துண்டு கிடக்கும். அதைக் கம்பியின் முனைக்கும் முளைக்கும் இடையில் பக்கவாட்டில் செருகி, முளையை முன்னே நெருக்கிக்கொண்டு, பொத்தானையும் தள்ளினார். ஒரு சிறு “டிக்” ஒலியோடு சிலிண்டர் வெளியே மடிந்தது. அவர் கை ஒரு கணமேனும் குழலின் வாய்க்கு முன்னால் போகவில்லை. ஆறு போலி ரவைகளையும் எடுத்து வரிசையாக மேசையில் வைத்து எண்ணிய பிறகுதான் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

கம்பியைக் கையால் பிடித்தபோதே அது ஆடியது. அதன் முனையிலுள்ள சொரசொரப்பான பகுதியில் குறட்டுப் பற்களின் தழும்புகள் இருந்தன. இங்கேதான் மாடல் இலக்கம் உதவிற்று. பழைய ரிவோல்வர்களில் இந்தக் கம்பிக்கு வழக்கமான வலது மரை. சிலிண்டர் சுழலும் திசையில், முன்முனையில் ஏற்படும் உரசலே அந்த மரையை மெல்ல மெல்லத் தளர்த்தியது. அதனால் 1961 அளவில் அதை இடது மரையாக மாற்றினார்கள். அதன் பிறகு சுழற்சி கம்பியைத் தளர்த்துவதற்குப் பதிலாக இறுக்குகிறது. 10-5க்கு இடது மரைதான். அப்படியானால் இது தானாகத் தளர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர், இறுக்குவதாக எண்ணிக்கொண்டு, எல்லாத் திருகாணிகளையும் திருகும் வழக்கமான திசையில் குறட்டால் திருகியிருக்கிறார் என்பதே என் முடிவு, பாஸும் தலையசைத்தார். முன்பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இது இறுகும்.

இறுக்கும்போதும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோதுகளை வெளியே இழுக்கும் நட்சத்திர வடிவத் தகடு இந்தக் கம்பியோடு இணைந்தது. வெறும் சிலிண்டரோடு கம்பியை முறுக்கினால் அந்தத் தகட்டை நேராக நிறுத்தும் நுண்ணிய ஊசிகள் மீது முழுப் பாரமும் விழும். எனவே எதிரெதிரான துளைகளில் வெற்றுக்கோதுகளை இட்டு, தகடு அசையாதபடி செய்த பிறகே திருக வேண்டும். கம்பியைத் தோல் சுற்றிப் பிடித்து இறுக்கினார். அதன் பிறகு சிலிண்டர் தயக்கமில்லாமல் திறந்து மூடியது.

ஆனால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கனப்பது அப்படியே இருந்தது. திருத்துபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பல்லை அரத்தால் தேய்த்துவிடுகிறார்கள் என்று பாஸ் சொன்னார். அவர் செய்தது வேறு. சிலிண்டரின் பக்கத்தில் நகப்பூச்சால் ஒன்று முதல் ஆறு வரை சிறு புள்ளிகள் இட்டார். கனம் நான்காம் துளை மேலே வரும்போதுதான் ஏற்பட்டது. பிறகு போலி ரவைகளை ஒவ்வோர் இடம் தள்ளி மாற்றி வைத்துப் பார்த்தார். கனம் ரவையோடு நகரவில்லை, நான்காம் துளையோடே நின்றது. ஆகவே ரவையில் குற்றமில்லை. போலிகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறுமனே சுழற்றியபோது கனமே இல்லை. ஆகவே பல்லிலும் குற்றமில்லை, கம்பியும் வளையவில்லை. விளிம்பு உட்காரும் இடம் மட்டும்தான் மிச்சம். திருகாணி ஒன்றைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் முறை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை நான் கண்ணில் வைத்தபடியே தினமும் வேலை செய்கிறேன். கம்பியை அழுத்தி நட்சத்திரத் தகட்டை மேலே தூக்கி, அதன் அடிப்பாகத்தை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தேன். நான்காம் துளையை ஒட்டிய கரத்தின் கீழே, தேன் நிறத்தில் இறுகிப்போன எண்ணெய்ப் படையில், எரியாத வெடிமருந்துத் துணிக்கை ஒன்று தட்டையாகப் பதிந்திருந்தது. கடுகின் பாதியளவுகூட இல்லை. தகடு அந்த இடத்தில் மட்டும் சற்றே எழுந்து நின்றதால், அதன்மேல் அமரும் ரவையின் விளிம்பும் எழுந்து பின்சட்டத்தில் உரசியிருக்கிறது. ரவை இல்லாதபோது உரச அங்கே ஒன்றுமில்லை.

பல் குத்தும் மரக்குச்சியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தபோது அந்தத் துணிக்கை பெயர்ந்தது. இரும்புக் கூர்முனை எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. தகட்டின் அடியில் விழும் கீறல் புதிய அழுக்குக்குத் தங்குமிடமாகிவிடும். பழைய பல் தூரிகையால் ஆறு கரங்களையும், அவை படியும் பள்ளங்களையும் துடைத்தோம். மீண்டும் போலிகளை இட்டுச் சுழற்றியபோது நான்காம் துளை மற்ற ஐந்திலிருந்தும் வேறுபடவில்லை. சுட்ட கோதுகளை வெளியே தள்ளும்போது துப்பாக்கியின் வாயை வானத்தை நோக்கி நிமிர்த்திப் பிடிப்பவரின் ரிவோல்வரில் இந்தக் கோளாறு வருவது அரிது. படுக்கையாகவோ கீழ்நோக்கியோ பிடித்துத் தள்ளினால், எரியாத துணிக்கைகள் தகட்டின் அடியில் விழுந்து தங்குகின்றன. பாவித்த ரிவோல்வர்களில் மிக அதிகம் காணப்படும் கோளாறு இதுதான் என்று பாஸ் சொன்னார். நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது கோளாறு நான் சொல்லியிருக்காவிட்டால் அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். வந்தவுடனேயே கண்டுவிட்டு, முறை வரும்வரை பேசாமல் இருந்தார். வலப்பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலைகள் சிதைந்திருந்தன. பொருந்தாத திருப்புளியால் யாரோ திறந்திருக்கிறார். வளைகரம் முன்னும் பின்னும் சற்று ஆடியதோடு, மடிக்கும்போது ஒரு புள்ளியில் இறுகவும் செய்தது. இந்த வடிவத்தில் பக்கத் தகட்டுக்கு மூன்று திருகாணிகள். அவற்றில் ஒன்று மரக் கைப்பிடியின் அடியில் இருக்கிறது. வெளியே தெரியும் மற்ற இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், முன்னால் உள்ளதுதான் வளைகரத்தை அதன் இடத்தில் நிறுத்துகிறது. அதன் முனை தொழிற்சாலையில் அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. எடுத்த இடம் குறித்து வைக்காமல் இரண்டையும் மாற்றிப் பூட்டினால் வளைகரம் ஆடும், அல்லது இறுகும். என்னுடையதில் இரண்டும் நிகழ்ந்திருந்தன.

பக்கத் தகட்டை அவர் திறந்த விதத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. திருகாணிகளை எடுத்த பிறகு தகட்டின் விளிம்பில் எதையும் செருகி நெம்பவில்லை. துப்பாக்கியை உள்ளங்கையில் தளர்வாக ஏந்திக்கொண்டு, கைப்பிடிச் சட்டத்தின் பக்கத்தில் மரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். அதிர்வில் தகடு தானாகவே எழுந்து அவர் விரலில் வந்து உட்கார்ந்தது. நெம்பிய தகட்டின் விளிம்பு ஒருமுறை கோணினால் பிறகு எந்தக் காலத்திலும் கோடு தெரியாமல் பொருந்தாது. எண்ணற்ற பாவித்த ரிவோல்வர்களின் விலையைக் குறைத்திருப்பது அந்தக் கோடுதான்.

உள்ளே அவர் முதலில் தேடியது சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் இடையில் நிற்கும் சிறு தடைத் தண்டை. துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் சுத்தியல் முன்னே போய் ரவையைத் தட்டாமல் அதுதான் காக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இதே ரிவோல்வரின் போர்க்கால வடிவமான விக்டரி மாடல் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்ததன் பின்னரே, 1944 இறுதியில் இந்தத் தடை இப்போதுள்ள வடிவத்துக்கு மாற்றப்பட்டது. வீட்டில் திறந்து பார்ப்பவர்கள் திரும்பப் பூட்டும்போது எளிதில் விட்டுவிடும் பாகமும் இதுவே. இது இல்லாமலும் துப்பாக்கி வழக்கம்போல் இயங்கும், வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. என்னுடையதில் அது அதன் பள்ளத்திலேயே இருந்தது. தகடு திறந்திருப்பதற்கான தடயம் உள்ள எந்த ரிவோல்வரையும் இதைப் பார்க்காமல் ரவையிடக் கூடாது என்பேன்.

உள்ளே எங்கும் பழுப்பு நிறத்தில் எண்ணெய் இறுகிப்போயிருந்தது. கடற்காற்று வீசும் கொழும்பில் துருவுக்கு அஞ்சித் தாராளமாக எண்ணெய் ஊற்றுவது பலருடைய பழக்கம். தேங்காயெண்ணெய் தடவியதையும் கண்டிருக்கிறேன், அது நாட்பட்டால் காறிச் சிக்குப்பிடித்துவிடும். மண்ணெண்ணெயால் துடைத்து, உரசும் இடங்களுக்குத் தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்ததே போதுமாக இருந்தது. தோலுறைக்குள் வைத்துப் பூட்டி வைப்பதை நிறுத்தச் சொன்னார். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். அதை என் பெட்டகத்திலிருந்தே அறிவேன். கைப்பிடியின் முன்புறத்தில் பிரதான ஸ்பிரிங்கை அழுத்தும் சிறு திருகாணி முழுதும் இறுகியிருந்தது. விசை இலகுவாக இருக்க வேண்டுமென்று அதைத் தளர்த்தி வைத்த துப்பாக்கிகள் சந்தையில் உண்டு; அவற்றின் விசை வெண்ணெய்போல இழுபடும், சுத்தியலோ பிரைமரை வெடிக்கச் செய்யும் அளவுக்கு அடிக்காது. பாவித்த ரிவோல்வரின் விசை மிக மென்மையாக இருந்தால் மகிழ்வதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

எல்லாம் பூட்டிய பின் இரண்டு சோதனைகள். சுத்தியலைப் பெருவிரலால் மிக மெதுவாகப் பின்னே இழுக்க, சிலிண்டரின் பக்கத்தில் மற்றக் கையின் விரலை லேசாக வைத்துத் தடுக்க வேண்டும். சுத்தியல் முழுதாகப் பின்னே சென்று நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொண்டால் நன்று. சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்தால், சுழற்றும் தள்ளியோ பற்களோ தேய்ந்துவிட்டன. அப்படிப்பட்டது சுடும்போது குண்டின் ஓரத்தைச் சீவி ஈயத் துகளைப் பக்கவாட்டில் தெறிக்கும். அதைத் திருத்துவது அகலமான புதிய தள்ளியைப் பொருத்தும் தேர்ந்த வேலை. ஆறு துளைகளிலும் என்னுடையது நேரத்துக்குப் பூட்டியது. தேய்மானம் என்று முதலில் சந்தேகித்த இடத்தில் தேய்மானமே இல்லை.

மற்றச் சோதனை இடைவெளியை அளப்பது. பஞ்சிகாவத்தையில் எந்த மோட்டார் உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும், இடைவெளிக்குள் செருகி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுதியான பீலர் கேஜ்தான் இதற்கும் கருவி. குழலின் பின்முனைக்கும் சிலிண்டரின் முகப்புக்கும் இடையே பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். சிலிண்டரைப் பின்னே தள்ளி ஒருமுறையும் முன்னே தள்ளி ஒருமுறையும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சிலிண்டரின் முன்பின் ஆட்டம். திருகாணிகளைச் சரியான இடங்களுக்கு மாற்றியதும் ஆட்டத்தின் பெரும்பகுதி தானாகவே போய்விட்டது.

இந்தக் கதையைக் கேட்டுத் தன் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய ரிவோல்வரைப் பற்றி விசாரித்த உறவினர் ஒருவருக்காக இதையும் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவுக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மித் அன்ட் வெசன் .38/200 ரிவோல்வர்கள் அனுப்பப்பட்டன. மங்கிய சாம்பல் நிறப் பூச்சும், கைப்பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையமும், இலக்கத்தின் முன்னே வீ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் அது விக்டரி மாடலாக இருக்கக்கூடும். அவற்றுக்குரிய ரவையின் கோது 19.7 மில்லிமீற்றர் நீளமும் 9.8 மில்லிமீற்றர் விட்டமும் கொண்டது. மாடல் 10க்குரிய .38 ஸ்பெஷல் ரவையின் கோது 29.3 மில்லிமீற்றர் நீளம், 9.6 மில்லிமீற்றர் விட்டம். போருக்குப் பின் பல துப்பாக்கிகளின் துளைகளை ஆழமாகக் குடைந்து, நீண்ட ரவையை ஏற்கச் செய்து விற்றார்கள். ஆழத்தைக் கூட்டலாம், அகலத்தைக் குறைக்க முடியாது. அந்தத் துளைகளில் .38 ஸ்பெஷல் கோது சுடும்போது அடியில் புடைத்து, சில வேளைகளில் வெடித்து, வெளியே வர மறுக்கும். கோது சிக்குவதால் இதைத் தள்ளுகம்பியின் கோளாறு என்று எண்ணுவார்கள். கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. குழலிலும் சட்டத்திலும் உள்ள எழுத்துக்களை வாசித்து, சுட்ட கோது ஒன்றின் அடிப்பாகத்தைக் கலிப்பரால் அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த உறவினரின் துப்பாக்கியைப் பார்த்த பின் பாஸ் அதைச் சுட வேண்டாம் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

என் ரிவோல்வரில் இன்னும் எஞ்சியிருப்பது 0.04 மில்லிமீற்றர் முன்பின் ஆட்டம். வளைகரத்தின் குழாய் முனையில் மெல்லிய உருக்கு வளையம் ஒன்றை இட்டால் அதுவும் போய்விடும் என்றும், இப்போதைய அளவுக்கு அது தேவையில்லை என்றும் பாஸ் சொல்லியிருக்கிறார். சிதைந்த திருகாணித் தலைகளை மாற்றப் புதியவை கிடைக்கவில்லை; இருந்தவற்றின் மேடுகளை மட்டும் தட்டிச் சமன்செய்து பூட்டிவிட்டோம். அடுத்த முறை பத்திரம் புதுப்பிக்கும் வேளையில் அதே பீலர் கேஜால் மீண்டும் அளந்து, ஆட்டம் கூடியிருந்தால் மட்டும் வளையத்தை இடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.